வாங்க மறுத்த வாடகை

வாடகை கொடுக்காமல் ஏமாற்றிய குடித்தனக்காரர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கொடுத்த வாடகையை வாங்க மறுத்த வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உத்தரவாக வந்து, 1946இல் சட்டமானது. நாம் 'ரென்ட் கண்ட்ரோல்' என்று சொன்னது 1960ஆம் வருஷத்துச் சட்டத்தை. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தவரைக் காலி செய்ய வைக்கலாம் என்றது அது. சிலர் இதில் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். முதல் தேதி பணத்தோடு போய் நின்றால், "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். நாலு மாதம் கழித்து, பாக்கி என்று வக்கீல் நோட்டீஸ் வரும்!

சட்டம் எழுதியவர்கள் விவரமானவர்கள். எட்டாவது பிரிவிலேயே இதற்கு வழி வைத்திருந்தார்கள். வாங்கிய வாடகைக்கு ரசீது தர வேண்டும். வாங்க மறுத்தால், எந்த பாங்கில் கட்டுவது என்று நோட்டீஸ் கொடுத்துக் கேட்கலாம். பதில் இல்லையென்றால் மணியார்டர். அதன் கமிஷனைக்கூட வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதுவும் திரும்பி வந்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட்டுக் கட்டலாம். ஆனால் வரிசை தப்பக்கூடாது. நோட்டீஸ், மணியார்டர் எதுவும் இல்லாமல் நேரே கோர்ட்டில் பணம் கட்டிய ஒருவருக்கு சுப்ரீம் கோர்ட்டும் கைகொடுக்கவில்லை. மணியார்டர் ரசீதுகளைக் கம்பியில் குத்திப் பத்திரப்படுத்தியவர்கள் பிழைத்தார்கள்.

முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. அதை யார் மதித்தார்கள்? சென்னையில் பத்து மாத அட்வான்ஸ்தான் வழக்கம்.

2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் அமலுக்கு வந்து பழையது போயிற்று. இப்போது ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும்.