ஏலத் தமுக்கு
கடன்பட்டவன் வீடு ஏலத்திற்கு வருகிறதென்னும் சமாசாரத்தை, சொத்து வாங்கப் புதிதாகக் கிளம்பிய ஒருவன் அக்காலத்தில் பெரும்பாலும் காதால் கேட்டே அறிந்தான். ஏனெனில், 1908-ஆம் வருஷத்திய சிவில் நடைமுறைச் சட்டம், ஜப்தி உத்தரவைத் தமுக்கடித்துப் பிரகடனம் செய்து, அதன் நகலைச் சொத்தில் கண்ணிற்படும் பாகத்திலும் கோர்ட்டுக் கட்டடத்திலும் ஒட்டவேண்டுமென்று விதித்திருந்தது. தெருமுனையில் தமுக்கோசை எழுந்ததும் கடன்காரர் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அண்டை வீட்டுக் கதவுகளோ திறந்துகொள்ளும். ஏல விளம்பரத்தில் தேதி, இடம், சொத்தின்மீதுள்ள பொறுப்பு, வசூலாகவேண்டிய தொகை யாவும் கண்டிருக்கும். விவேகிகள் அத்துடன் திருப்தியடையாமல், ரிஜிஸ்தர் கச்சேரியில் வில்லங்கம் பார்த்து, பக்கத்து நிலத்துக்காரரையும் விசாரித்தார்கள். பின்னதே அதிகப் பிரயோஜனமானதென்பது என் அபிப்பிராயம். ஏலம் எடுத்தவர் கிரயத்தில் கால் பங்கை அங்கேயே கட்டி, மிச்சத்தை 15 நாளில் செலுத்தவேண்டும்.