அக்கா கொடுத்த பரீட்சை

2019-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் இருக்கும் என் அக்காவின் பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தேன். போன முதல் நாள் விடியற்காலையில் தூக்கம் கலைந்துவிட்டது. சமையலறையில் யாரோ முணுமுணுத்துக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. அக்கா விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்கிறாளாக்கும் என்று எண்ணிக்கொண்டே எழுந்து போனேன். அடுப்பில் பால், ஒரு கையில் கரண்டி, மறு கையில் சின்னப் புத்தகம். கண்ணை மூடிக்கொண்டு அவள் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: "செனட்டர் நூறு பேர்; ஆறு வருஷம். பிரதிநிதி நானூற்று முப்பத்தைந்து, ரெண்டு வருஷம்."

"என்ன அக்கா இது?" என்றேன்.

"பரீட்சைடா. வர மாசம். நீ நன்னா இங்கிலீஷ் பேசுவியே, ஆபீசர் மாதிரி உட்கார்ந்துண்டு என்னைக் கேளு."

அக்காவுக்கு அப்போது வயது எழுபத்து மூன்று. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அத்திம்பேர் காலமான பிறகு, 2013-இல், பிள்ளை அவளை அழைத்துக்கொண்டு போய்ப் பச்சை அட்டை வாங்கிக் கொடுத்தான். அந்த அட்டையின் குணம் விசித்திரமானது. அதை வைத்திருப்பவர் அந்தத் தேசத்திலேயே இருந்துகொண்டிருக்க வேண்டும். வெளியே போய் ஆறு மாதம் தாண்டினால் பிரஜா உரிமைக்கான வருஷக் கணக்கில் சிக்கல். ஒரு வருஷம் தாண்டினால் அட்டைக்கே ஆபத்து. பிரஜையாகிவிட்டாலோ எங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் கேட்பாரில்லை. ஆகவே, கும்பகோணத்தில் நிம்மதியாக இருப்பதற்காக அக்கா அமெரிக்கப் பிரஜையாக வேண்டியிருந்தது!

சிரிக்க வேண்டாம். 2017-இல் எங்கள் பெரியண்ணா படுத்த படுக்கையாக இருந்தபோது அக்கா வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். ஆறு மாதக் கெடு முடிய நாலு நாள் இருக்கையில் விமானம் ஏறினாள். பதினோராம் நாள் அண்ணா போய்விட்டார். அன்றைக்குத்தான் அவள் இந்தப் பரீட்சை கொடுப்பது என்று தீர்மானித்தாள்.

பரீட்சையின் முறை அப்போது இப்படி: தேச சரித்திரம், அரசாங்க அமைப்பு இவற்றைப்பற்றி நூறு கேள்விகளைச் சர்க்காரே அச்சடித்துக் கொடுத்திருந்தது. அதிகாரி அவற்றில் பத்து வரை வாயால் கேட்பார். ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதும். தவிர, இங்கிலீஷில் ஒரு வாக்கியம் படிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். (2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு இது 128 கேள்வி, இருபது கேட்டுப் பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும் என்று கடுமையாகிவிட்டது.) அறுபத்தைந்து வயதாகி, இருபது வருஷம் அங்கே குடியிருந்தவர்களுக்குச் சலுகை உண்டு; தங்கள் பாஷையிலேயே பதில் சொல்லலாம். அக்காவுக்கு வயது இருந்தது, வருஷம் இல்லை.

நான் ஆபீசர் ஆனேன். சாப்பாட்டு மேஜைதான் கச்சேரி. நூறு கேள்விகளைவிட விண்ணப்பத்தில் இருந்த கேள்விகள்தான் அக்காவைத் தூக்கிவாரிப் போட்டன. அந்த விண்ணப்பத்திலிருந்தும் அதிகாரி கேட்பார். இங்கிலீஷ் புரிகிறதா என்று பார்ப்பதற்கு அதுவும் ஒரு வழி. நீ ஓயாமல் குடிக்கிற வழக்கம் உடையவளா? ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவரை மணந்திருந்தாயா? 1933 மார்ச்சுக்கும் 1945 மே மாதத்துக்கும் இடையே ஜெர்மனியின் நாஜி சர்க்காரோடு சம்பந்தம் உண்டா? அக்கா பிறந்தது 1946. "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஹிட்லரோட என்னடா சம்பந்தம்!" என்றாள். சட்டம் கோரினால் தேசத்துக்காக ஆயுதம் ஏந்துவாயா என்ற கேள்விக்கு வந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏந்துவேன் என்று சொல்லு, அக்கா" என்றேன். "எஸ்" என்று கம்பீரமாகச் சொன்னாள்.

செவ்வாய்தோறும் மாலையில் ஊர்ப் பொது நூலகத்தில் இதற்கென்று ஒரு வகுப்பு நடந்தது. நானும் துணைக்குப் போனேன். ஓய்வு பெற்ற ஓர் உபாத்தியாயினி, ஒரு காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தாள். சீனத்துக் கிழவர் ஒருவர், கொலம்பியாவிலிருந்து வந்த சமையற்காரர், எகிப்து தேசத்து டாக்டர், அக்கா. தேசியக் கொடியில் பதின்மூன்று கோடுகள் ஏன் என்ற கேள்விக்கு நாலு விதமான உச்சரிப்பில் ஒரே பதில் வந்தது. அந்த அம்மாள் உச்சரிப்பைத் திருத்தவேயில்லை. "பதில் சரி" என்று மட்டும் சொன்னாள்.

எப்போதுமே இவ்வளவு சாதுவாக நடந்ததில்லை இந்தப் பாடம். மோட்டார் உற்பத்தி செய்த ஹென்றி போர்டு 1914-இல் தம் தொழிற்சாலையில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைத்தார். ஐரோப்பாவின் மூலை முடுக்குகளிலிருந்து வந்த தொழிலாளிகளுக்கு அதில் பாஷையோடு பல் தேய்ப்பதும், மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதும், சேமிப்பதும் பாடம். பட்டமளிப்பு விழாவை நாடகமாகவே நடத்தினார்கள். மேடையில் ஒரு கப்பலின் பக்கம். அதன் எதிரில் பிரம்மாண்டமான ஒரு பானை. தொழிலாளிகள் சொந்த நாட்டு உடையில், மூட்டை முடிச்சோடு கப்பலிலிருந்து இறங்கிப் பானைக்குள் போவார்கள். உபாத்தியாயர்கள் நீண்ட கரண்டிகளால் பானையைக் கிண்டுவார்கள். மறு பக்கத்தில் கோட்டும் சூட்டும் போட்டுக் கையில் அமெரிக்கக் கொடியோடு வெளியே வருவார்கள் அதே மனிதர்கள்! அக்காவிடம் இதைச் சொன்னேன். "கிண்டினா கரைஞ்சுடுமா? அடியிலே தங்கியிருக்கும்" என்றாள்.

ஆரம்பத்தில் அந்தத் தேசத்தில் பிரஜையாகப் பரீட்சையே இல்லை. 1790-இல் இயற்றிய முதல் சட்டம் கேட்டது இரண்டு வருஷ வாசமும் நன்னடத்தையுந்தான். ஆனால் மனு போடுகிறவன் "சுதந்திரமான வெள்ளையனாக" இருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொற்றொடர் இருந்தது. உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு, 1870-இல், ஆப்பிரிக்க வம்சத்தவரையும் சேர்த்துக்கொண்டார்கள். 1906-இல் இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும் என்றார்கள். எழுதப் படிக்கவும், சரித்திரமும் அரசியலும் அறியவும் வேண்டும் என்று சட்டம் சொன்னது 1950-இல். அதுவும் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கக் கொண்டுவந்த ஒரு சட்டத்தோடு சேர்த்து. நிற்க. பரீட்சையைவிட அந்த 1790-ஆம் வருஷத்துச் சொற்றொடர்தான் நம்மவர்களைப் பாடாய்ப் படுத்தியது.

ஒஸாவா என்ற ஜப்பானியர் ஒருவர். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்; சர்வகலாசாலையிலும் மூன்று வருஷம் படித்தவர்; வீட்டில் பேசியது இங்கிலீஷ். எந்தப் பரீட்சையிலும் அவருக்கு நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கும். 1922 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அவர் மனுவைத் தள்ளியது. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தார். ஜப்பானியர் அந்த இனமல்ல என்று நீதிபதி சதர்லாண்டு எழுதினார்.

இதைப் படித்த பஞ்சாபியர் பகத் சிங் திந்துக்கு எவ்வளவு நம்பிக்கை பிறந்திருக்கும்! அவர் முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்திலேயே சேவை செய்தவர். அந்தக் காலத்து இன சாஸ்திரப் புத்தகங்கள் வட இந்தியரைக் காக்கேசியர் என்றே வகுத்திருந்தன. அதையே அவர் வாதமாக வைத்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு, 1923 பிப்ரவரியில், அதே கோர்ட்டு, அதே சதர்லாண்டு: சாஸ்திரம் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனிதன் இவரை வெள்ளையர் என்று சொல்ல மாட்டான் என்று தீர்ப்பு எழுதினார். ஜப்பானியருக்குச் சாஸ்திரம், பஞ்சாபியருக்குச் சாதாரண மனிதன்! திந்து தம் இனத்தை உயர்த்திக் காட்டி வழக்காடியது எனக்கு ரசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறவன் அகப்பட்ட சாவியைத்தான் போட்டுப் பார்ப்பான் போலும்.

அந்தத் தீர்ப்போடு விஷயம் முடியவில்லை. ஏற்கெனவே பிரஜையான இந்தியர்களின் உரிமையையும் பறிக்கத் தொடங்கினார்கள். வைஷ்ணோ தாஸ் பகாய் 1915-இல் மனைவி கலா, மூன்று பிள்ளைகள் சகிதமாக ஸான் பிரான்ஸிஸ்கோவில் வந்து இறங்கியவர். வியாபாரம் செய்தார், இங்கிலீஷ் நன்றாகப் பேசினார், 1921-இல் பிரஜையானார். தீர்ப்புக்குப் பிறகு அது பறிபோயிற்று. கலிபோர்னியாவின் நிலச் சட்டத்தால் சொத்துரிமையும் போயிற்று. ஊருக்குப் போய் வரப் பாஸ்போர்ட் கேட்டபோது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள் என்றார்கள். எந்த ஆட்சி வேண்டாமென்று தேசத்தை விட்டு வந்தாரோ, அந்த ஆட்சியிடமே போய் நிற்பதா? மாட்டேன் என்றார். 1928-இல், ஒரு வாடகை அறையில் எரிவாயுக் குழாயைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். தம் நிலையை விளக்கிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார்.

கலா அம்மாள் மூன்று பிள்ளைகளையும் அந்த ஊரிலேயே ஆளாக்கினாள். 1946 ஜூலை 2-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம் இந்தியர்கள் பிரஜையாகலாம் என்றது. வருஷத்துக்கு நூறு பேர் குடியேறலாம் என்றும் அளந்து கொடுத்தது. அதன் பிறகு கலா அம்மாளும் பிரஜையானாள். இன்று பெர்க்லி நகரில் ஒரு தெருவுக்கு அவள் பெயர். திந்துவுக்கு மட்டும் சற்று முன்னாலேயே, 1936-இல், யுத்த சேவை செய்தவர்களுக்கான தனிச் சட்டத்தால் உரிமை கிடைத்தது.

மேஜைக்கு எதிரில் அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பஞ்சாபிக்கு இந்த நூறு கேள்விக்கும் பதில் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரிந்திருக்கும், அக்கா."

"இந்த நூறிலே அவர் பேர் இருக்கா?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். இல்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் என்ன செய்தார் என்ற கேள்வியும் இருந்தது.

கிங் கேள்வி அக்காவுக்குப் பிடித்த கேள்வி. சமூக உரிமைக்காகப் போராடினார் என்று பதில் சொன்னால் போதும். ஆனால் அந்தப் போராட்டத்தில் ஒரு பகுதி இதே போன்றதொரு பரீட்சையைப்பற்றியது என்று அவளுக்குச் சொன்னேன். தென் மாகாணங்களில் பிறப்பிலேயே பிரஜைகளான கறுப்பு ஜனங்கள் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யப் போனால் அங்கே ஒரு பரீட்சை காத்திருக்கும். மிஸிஸிப்பி மாகாண அரசியல் சட்டத்தில் 285 பிரிவுகள். பதிவு குமாஸ்தா எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுத்து, எழுது, வியாக்கியானம் செய் என்பான். வியாக்கியானம் சரியா தப்பா என்பது அவன் முடிவு. கல்லூரி உபாத்தியாயர்கூடத் தோற்றுப்போவார். கையெழுத்துத் தடுமாறுகிற வெள்ளைக் குடியானவன் தேறிவிடுவான். 1965 ஆகஸ்டில் வந்த ஓட்டுரிமைச் சட்டந்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைக்கத் தொடங்கியது. சர்க்கார் கேள்வியையும் பதிலையும் முன்கூட்டியே அச்சடித்துக் கையில் கொடுப்பதைப் பார்த்து நம்மவர் சிலர், "இது என்ன பரீட்சை, குழந்தை விளையாட்டு!" என்று ஏளனம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். மிஸிஸிப்பிக் குமாஸ்தாவைப்பற்றிப் படித்த பிறகு அந்தச் சின்னப் புத்தகத்தின்மேல் எனக்கு மரியாதை ஏற்பட்டது.

பரீட்சை நாள் வந்தது. அக்கா மாம்பழ நிறப் பட்டுப் புடவை உடுத்தி, மேலே பேரனுடைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டாள். காரில் வாயே திறக்கவில்லை. என்னையும் அவள் பிள்ளையையும் வெளியில் உட்காரவைத்துவிட்டு ஓர் அதிகாரி அவளை உள்ளே அழைத்துப் போனார். இருபத்தைந்து நிமிஷம். திரும்பி வந்தவள் முகத்தில் கோபம்.

"என்னம்மா? போயிடுத்தா?" என்றான் பிள்ளை.

"பாஸ்தான். ஆறு கேட்டான், ஆறும் சொன்னேன், போறும்னுட்டான். பாக்கித் தொண்ணூத்து நாலு என்ன ஆறது?"

டிசம்பரில் பிரமாணம். பிற தேசம் எதனிடத்தும் எனக்கு விசுவாசம் இல்லை என்று கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டுச் சட்டம் இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்வதில்லை. ஆகையால் நீல நிறப் பாஸ்போர்ட்டை நம் தூதரகத்துக்கு அனுப்ப, ரத்து முத்திரையோடு அது திரும்பி வந்தது. பதிலுக்கு, நினைத்தபோது வந்து போக அயல்நாட்டு இந்தியர் அட்டை. அக்கா முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டை அத்திம்பேரின் கடிதக் கட்டோடு வைத்தாள். 2020 மார்ச் 20-ஆம் தேதிக்கு டிக்கெட் வாங்கினாள். கிராமத்து வீட்டுக்கு வெள்ளையடிக்க நான் ஆள் ஏற்பாடு செய்தேன்.

கொரோனா வந்துவிட்டது. மார்ச் 13-ஆம் தேதி முதல் வெளிநாட்டார் விசாக்களோடு அந்த அட்டையின் சலுகையையும் நம் சர்க்கார் நிறுத்தி வைத்தது. எல்லா விமானங்களும் நின்றது 22-ஆம் தேதி. 20-ஆம் தேதி விமானத்தில் இந்தியப் பிரஜைகள் வரத் தடையில்லை.

அன்று ராத்திரி அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள்.

"பழைய பாஸ்போர்ட் இருந்திருந்தா விட்டிருப்பாளோடா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "விட்டிருப்பார்கள், அக்கா" என்றேன்.

சற்று நேரம் அந்தப் பக்கம் சப்தமே இல்லை. பிறகு, "வெள்ளையடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

ஆயிற்று என்றேன். அவள் வந்து அந்த வீட்டில் விளக்கேற்றியது 2021 பிப்ரவரியில். அதற்குள் ஒரு மழைக்காலம் போய், வடக்குச் சுவரில் மறுபடியும் பாசி பிடித்திருந்தது.