வெற்றிலையும் வெண்கோடுகளும்

காவிரி பாயும் பரமத்தி வேலூர் வட்டாரம் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர் பெற்றது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை அது சேலம் மாவட்டத்தில் இருந்தது. அங்கே வாய் எரிந்தால் 'சூடு' என்பார்கள். மணத்தக்காளிக் கீரையோடு பேச்சு முடிந்துவிடும். ஆறாவிட்டால் பழி வெற்றிலையின் மேல் விழும்.

ஆனால் வெற்றிலையே தொடாத வாயிலும் ஆறாத எரிச்சல் வருவதுண்டு. அத்தகைய நோய்களுள் ஒன்றுக்கு 1869இல் ஆங்கிலேய மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் 'லைக்கன் பிளானஸ்' என்று பெயரிட்டார். அதன் வெண்கோடுகளை 1895இல் பிரெஞ்சு மருத்துவர் விக்காம் விவரித்தார். உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களே கன்னத்தின் உட்படலத்தைத் தாக்குகின்றன என்பது பின்னால் வந்த அறிவு.

தாம்பூலத்தை அடக்கும் இடத்தில் மட்டும் தோன்றும் ஒத்த கோடுகளை 1980இல் இந்திய ஆய்வாளர்கள் தனியே பிரித்துக் காட்டினர். பழக்கத்தை விட்டால் இவை பெரும்பாலும் மறையும். முன்னதோ பல்லாண்டு நீடிக்கும். அரிதாகப் புற்றாகவும் மாறும்.

ஆகவே 'வெற்றிலையை விடு' என்பது நல்ல அறிவுரையே. அதோடு நிறுத்துவதுதான் பிழை. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைப் பல் மருத்துவரிடம் காட்டவேண்டும். இந்நோய் நடுவயதுப் பெண்களிடமே மிகுதி. காரம் தொட முடியாமல் தயிர்ச்சோற்றோடு நாள் கழிக்கும் அவர்களுக்கு, 'இது உன் குற்றமன்று' என்ற சொல்லும் ஒரு மருந்து.