நீரிழிவும் முதுமை மறதியும்

முதுமையில் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் குறைவதற்கும் நீரிழிவு நோய்க்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பு அன்று. நோயாளிக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்ட 1922ஆம் ஆண்டிலேயே மைல்ஸ், ரூட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், நீரிழிவு உள்ளவர்கள் நினைவு, கவனச் சோதனைகளில் பின்தங்குவதைப் பதிவு செய்தனர்.

மூளை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காடு அதற்கே போகிறது. பல ஆண்டுகள் மிகுந்திருக்கும் சர்க்கரை, கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதுபோல மூளையின் நுண்ணிய இரத்த நாளங்களையும் கெடுக்கிறது. அறிகுறியே காட்டாத சிறு பக்கவாதங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அதனால் சிலருக்குப் பெயர்கள் மறப்பதற்கு முன்பே கணக்குப் பார்க்கும் வேகமும், வேலைகளை வரிசைப்படுத்தும் திறனும் தளரும். மறதி நோய்களுள் ஒன்றான அல்சைமரை ‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்று சிலர் அழைக்கின்றனர். மருத்துவ உலகம் ஏற்காத பெயர் இது; நீரிழிவு வந்தாலே அல்சைமர் வரும் என்ற வீண் அச்சத்தையும் ஊட்டுகிறது.

ஜப்பானில் ஃபுகுவோகா நகரை அடுத்த ஹிசயாமா ஊர்மக்களின் உடல்நலம் 1961 முதல் தொடர்ந்து ஆராயப்படுகிறது. அங்கே 1988இல், மறதி நோய் இல்லாத, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,017 பேருக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரத்தத்தைச் சோதித்து, 15 ஆண்டுகள் கவனித்தனர். பின்னாளில் வந்த மறதி நோயோடு தொடர்பு காட்டியது வெறும் வயிற்றுச் சர்க்கரை அன்று. கரைசல் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த அளவே. நோய் தொடங்கும் வயதும் முக்கியம். பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வில், 70 வயதுக்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே நீரிழிவு வந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு, நீரிழிவு இல்லாதவர்களைப்போல் இரு மடங்கு இருந்தது.

அப்படியானால் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் போதுமா? அக்கார்டு என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்துப் பார்த்தனர். 40 மாதங்களுக்குப் பின்னும் அவர்களின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. மறுபுறம், கலிபோர்னியாவில் 16,667 நீரிழிவு நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, ‘லோ சுகர்’ முற்றி மருத்துவமனைக்குப் போனவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் அதிகம் வந்திருந்தது.

வீட்டில் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். மறதி தொடங்கிய முதியவர் போட்ட மாத்திரையை மறந்து மறுபடியும் போடுவார். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட மறப்பார். உடனே சர்க்கரை இறங்கும். அப்போது வரும் தடுமாற்றத்தையும் உளறலையும் குடும்பத்தார் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவதுண்டு. இதனால்தான் மறதி உள்ள முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரி அளவான ஹெச்பிஏ1சியை 8 விழுக்காட்டை ஒட்டித் தளர்த்திக்கொள்ள நீரிழிவு வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவும் மறதியைத் தரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் இதை, மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுசெய்யலாம்.