கத்தரிக்காயும் ஆலிவ் எண்ணெயும்: கலாப்ரியா ஜாடியும் சிரியா ஜாடியும்

கத்தரிக்காய் நம் பக்கத்துக் காய். அதை மத்தியதரைக்கடல் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அரேபியர்கள். போன இடத்திலெல்லாம் அதற்கு ஒரே மாதிரி வரவேற்பு கிடைத்துவிடவில்லை. சிரியாவும் லெபனானும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டன. இத்தாலியின் வடக்கிலும் நடுவிலும் நெடுங்காலம் முகம் சுளித்தார்கள். 1891இல் பெல்லெக்ரினோ அர்த்தூசி வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில், நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை ஃப்ளாரன்ஸ் சந்தையில் கத்தரிக்காயைப் பார்ப்பதே அரிது, யூதர் தின்னும் காய் என்று அதை இளப்பமாக நினைத்தார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. இன்றோ தெற்கு இத்தாலியின் கலாப்ரியா, புலியா வீடுகளில் கோடை முடிவதற்குள் கத்தரிக்காய் ஜாடியில் ஏறியாக வேண்டும். கொஞ்சம் பிந்தி, செப்டம்பர் அக்டோபரில், சிரிய வீடுகளில் 'மக்தூஸ்' போடும் காலம் வருகிறது. காயும் ஒன்றுதான், எண்ணெயும் ஒன்றுதான். ஆனால் அந்த எண்ணெய்க்குள் போவதற்கு முன் காய் படும் பாடு இரண்டு ஊரிலும் வேறு வேறு.

கலாப்ரியாவில் முதல் வேலை தோல் சீவுவது. பிறகு விரல் பருமனில் நீளமாக நறுக்கி, உப்புப் பிசிறி, மேலே பாரம் வைத்துவிடுகிறார்கள். இதற்கென்றே திருகு வைத்த சின்னக் கை அழுத்தி ஒன்று பல வீடுகளில் இருக்கிறது. திருகத் திருகப் பழுப்பு நிறக் கசப்புத் தண்ணீர் அடியில் வழியும். மறுநாள் அந்தத் துண்டுகளை வெள்ளை வினிகரில் போடுகிறார்கள். இதில் இரண்டு கட்சி உண்டு: வினிகரும் தண்ணீரும் கொதிக்கும்போது ஓரிரு நிமிடம் போட்டு எடுப்பவர்கள் ஒரு கட்சி, பச்சையாகவே வினிகரில் ஊறவிடுபவர்கள் இன்னொரு கட்சி. பச்சைக் கட்சிக்காரர்களின் துண்டுகள் கடிக்க நறுக்கென்று இருக்கும். எந்தக் கட்சியானாலும் மறுபடி ஒரு பிழிசல் உண்டு. அப்புறம்தான் பூண்டு, மிளகாய், ஓரிகானோ அல்லது புதினா. ஜாடியில் அடுக்கி, எண்ணெய் ஊற்றி, முள்கரண்டியால் அமுக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுகிறார்கள். ஒரு கூடைக் காய் இரண்டு மூன்று ஜாடியில் அடங்கிவிடும். அவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது.

சிரியாவில் காயை நறுக்குவதே இல்லை. விரல் நீளக் குட்டிக் கத்தரிக்காய்களை முழுசாக, மிதக்காமல் இருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, வேகவைக்கிறார்கள். குழையக் கூடாது, விரலால் அமுக்கினால் அமுங்க வேண்டும், அந்தப் பதம். ஆறியதும் நாம் எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கீறுவதுபோல, ஆனால் பக்கவாட்டில் ஒரே ஒரு கீறல் மட்டும் போட்டு, உள்ளே உப்புத் தடவி, வடிதட்டில் அடுக்கிப் பாரம் ஏற்றுகிறார்கள். ஒரு நாள், சில வீடுகளில் இரண்டு மூன்று நாள்கூட, அப்படியே வடிய விடுவதுண்டு. கொரகொரப்பாக நறுக்கிய வால்நட், சிவப்புக் குடைமிளகாய், பூண்டு, உப்பு சேர்ந்த பூரணம் அந்தக் கீறலுக்குள் போகிறது.

மக்தூஸ் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அடுத்ததுதான். நிரப்பிய காய்களை ஜாடியில் இறுக்கி அடுக்கிவிட்டு, எண்ணெய் ஊற்றாமல், ஜாடியைத் தட்டின்மேல் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். இரவெல்லாம் மிச்சத் தண்ணீரும் இறங்குகிறது. மறுநாள் நிமிர்த்தி ஆலிவ் எண்ணெயை ஊற்றுகிறார்கள். சில நாட்களில் உள்ளே குமிழி கிளம்பும், எண்ணெய் மேலேறி வழியும். அதனால் ஜாடிக்கு அடியில் எப்போதும் ஒரு தட்டு இருக்கும். காய் புளிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஓரிரு வாரம் கழித்துக் காலை உணவுக்கு ரொட்டியோடு எடுத்து வைக்கலாம். குளிர்காலம் முழுவதற்குமான சேமிப்பில் பாலாடைக்கட்டி, உலர்த்திய காய்களோடு இதுவும் சேரும். ஆலிவ் எண்ணெய் விலை ஏற ஏற, பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றிச் சமாளிக்கும் வீடுகளும் பெருகிவிட்டன.

ஆக, கலாப்ரியாக்காரர் புளிப்பை வெளியிலிருந்து ஊற்றுகிறார். சிரியாக்காரர் உப்பை வைத்துவிட்டு, புளிப்பு தானாக வரட்டும் என்று காத்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே உள்ள மிகப் பெரிய வித்தியாசம் இதுதான் என்பது என் எண்ணம். ருசியும் ஆபத்தும் இங்கேயிருந்துதான் பிரிகின்றன.

ஆலிவ் எண்ணெய் கிருமியைக் கொல்லும் என்று பலர் நம்புகிறார்கள். ஜாடிக்குள் அது செய்வது காற்றை மறிக்கும் வேலை மட்டும்தான். காற்றுப் போனால் பூஞ்சைக்கு வழியில்லை, அதுவரை சரி. ஆனால் நஞ்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா காற்றில்லாத இடத்தில்தான் வளரும். மண்ணோடு காய்க்கு வரும் அதன் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. அழுத்தத்தில் 121 டிகிரி சூடு வேண்டும். அதைத் தடுக்க வீட்டில் உள்ள ஆயுதங்கள் புளிப்பு, உப்பு, குளிர். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இறங்கிவிட்டால் அது வளராது. கத்தரிக்காயும் பூண்டும் இயல்பில் அந்த எல்லைக்கு மேலே நிற்பவை. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நஞ்சு ஏறியது. காரணம், குளிர்பெட்டிக்கு வெளியே வைத்திருந்த, எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு. ஐரோப்பாவில் இந்த நஞ்சால் வரும் நோய் அதிகம் பதிவாகும் நாடுகளில் இத்தாலியும் ஒன்று. அங்கே வீட்டில் போட்ட காய்கறி ஜாடிகள் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன. வினிகரைக் குறைத்தால் நயமாக இருக்கும் என்று நினைக்கும் சமையல்காரர் அந்த முறையின் முதுகெலும்பையே உருவிவிடுகிறார்.

இந்தக் கண்ணால் பார்த்தால் கலாப்ரியா ஜாடி கணக்குத் தெரிந்த ஜாடி. துண்டு மெலிது, வினிகர் உள்வரை ஏறும், புளிப்பு முதல் நாளே வந்துவிடுகிறது. மக்தூஸில் காய் முழுசு, நடுவில் பச்சைப் பூண்டு, சுற்றிலும் எண்ணெய், புளிப்போ இனிமேல்தான் வர வேண்டும். உப்புக் கைநிறைய விழுந்து, தண்ணீர் ஒழுங்காக வடிந்திருந்தால் நல்ல பாக்டீரியா முந்திக்கொள்ளும். உடம்புக்கு ஆகாது என்று உப்பைக் குறைத்து, அவசரமாக எண்ணெய் ஊற்றினால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. ருசியில் எனக்கு மக்தூஸ்தான் ஒரு படி மேல். வினிகரின் ஒற்றைப் புளிப்புக்கும், மெல்லப் புளித்த காயும் வால்நட்டின் எண்ணெய்ப்பசையும் கலந்து வரும் ருசிக்கும் வெகுதூரம்.

நம் ஊறுகாய் அனுபவத்தை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. 'எண்ணெய் மேலே நிற்க வேண்டும்' என்று நம் வீடுகளில் சொல்வது மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் பொருந்துகிறது, ஏனென்றால் அவை பிறவியிலேயே புளிப்பு; உப்பும் தாராளம். அதே தைரியத்தில் பூண்டையோ காளானையோ கத்தரிக்காயையோ வெறும் எண்ணெயில் மூழ்கடித்து அலமாரியில் வைப்பது வேறு சங்கதி. இலங்கைக்காரர்கள் பொரித்த கத்தரிக்காய் மோஜுவுக்கு வினிகர் ஊற்றுவது இந்த விஷயத்தில் கலாப்ரியாவோடு ஒத்துப்போகிறது.

முதன்முதலாகப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு நான் கைகாட்டுவது கலாப்ரியா முறையைத்தான். வினிகர் வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள்: அமில அளவு 5 சதவீதமாவது இருக்கட்டும், நம் கடைகளில் 4 சதவீதம் போட்டவையும் விற்கின்றன. பூண்டையும் அதே வினிகரில் போட்டு எடுங்கள். மக்தூஸ் ஆசை விடவில்லையென்றால் நாலு காய் மட்டும் போட்டு, குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். புளிப்பு முழுசாக ஏறாது, பரவாயில்லை. இந்த நஞ்சுக்கு வாடையோ ருசியோ இருந்தாக வேண்டும் என்பதில்லை. சந்தேகம் வந்த ஜாடியை நாக்கில் வைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு கண்ணிமை தொங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.