தன் பாணியைத் துறந்தவர்

பனிச்சறுக்குத் தாவலில் தூரம் மட்டும் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. ஐந்து நடுவர்கள் அழகுக்கும் மதிப்பெண் இடுவார்கள். ஒவ்வொருவரும் தரக்கூடிய உச்சம் 20. அந்த ஐந்து இருபதுகளையும் ஒரே தாவலில் முதன்முதலாகப் பெற்றவர் ஆஸ்திரியாவின் டோனி இன்னாவர். 1976 மார்ச்சில் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் அது நிகழ்ந்தபோது அவருக்கு இன்னும் 18 வயது நிறைந்திருக்கவில்லை. அதே போட்டியில் 176 மீட்டர் பறந்து உலக சாதனையும் படைத்தார்.

இன்னாவர் 1958-இல் பேசாவ் என்னும் மலைக்கிராமத்தில் பிறந்தவர். ஸ்டாம்ஸ் விளையாட்டுப் பள்ளியில் பால்டுர் ப்ரைம்ல் அவரை வார்த்தெடுத்தார். 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் முன்னிலை பெற்றும், சக வீரர் கார்ல் ஷ்னாபலிடம் 1.9 புள்ளிகளில் தங்கத்தை இழந்தார். நான்காண்டுகள் கழித்து லேக் பிளாசிடில் 17 புள்ளிகளுக்கும் மேலான வித்தியாசத்தில் அதை வென்றார். அதன்பின் காயம் குறுக்கிட, 22 வயதிலேயே தாவுவது நின்றுபோனது. கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் உளவியலும் பயின்றவர், பயிற்சியாளராகத் தாவுதளத்துக்குத் திரும்பினார்.

இதற்குள் விளையாட்டே உருமாறத் தொடங்கியிருந்தது. சறுக்குக்கட்டைகளை இணையாக வைத்துப் பறப்பதே அழகு என்பது அதுவரையிலான இலக்கணம். இன்னாவரின் இருபதுகள் அதற்குக் கிடைத்தவையே. ஸ்வீடனின் யான் போக்லேவ் கட்டைகளின் முன்முனைகளை ஆங்கில 'வி' எழுத்தைப் போல விரித்துப் பறந்தார். காற்றின் தூக்குவிசை கூடியது, தூரமும் கூடியது. நடுவர்கள் அழகில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். இருந்தும் 1988-89 உலகக் கோப்பை அவருக்கே கிடைத்தது.

பழைய இலக்கணத்தின் உச்சத்தைத் தொட்டவரே அதன் காவலராகவும் இருப்பார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இன்னாவரோ 1989 முதல் 1992 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் தம் அணியைப் புதிய பாணிக்கு மாற்றினார். பல்லாண்டுகள் உடலில் ஊறிய பழக்கத்தை வீரர்கள் சில மாதங்களில் மறக்க வேண்டியிருந்தது. 1992 ஆல்பெர்வில் ஒலிம்பிக்கில் சிறிய தளத்தில் எர்ன்ஸ்ட் வெட்டோரி தங்கமும் மார்ட்டின் ஹோல்வார்ட் வெள்ளியும் வென்றனர். இணைபாணியின் மாபெரும் வீரரான யென்ஸ் வைஸ்ஃப்ளோக் அங்கு பதக்கமின்றித் திரும்பினார். அவரும் பாணியை மாற்றிக்கொண்டு 1994-இல் தங்கம் வென்றார் என்பது இன்னாவரின் முடிவுக்குக் கிடைத்த சான்று எனலாம்.

1993 முதல் 2010 வரை ஆஸ்திரியக் கூட்டமைப்பில் அவர் வகித்தது நிர்வாகப் பொறுப்பு. 2006 டுரின் ஒலிம்பிக்கில் அவரது அணியினரான தாமஸ் மோர்கன்ஸ்டெர்னும் ஆந்திரேயாஸ் கோஃப்லரும் வெறும் 0.1 புள்ளி இடைவெளியில் தங்கமும் வெள்ளியும் பெற்றனர். குழுத் தங்கம் அந்த ஆண்டும் 2010-லும் ஆஸ்திரியாவுக்கே வந்தது.

பதக்கக் கணக்கு மறக்கப்படும். தாமே நிறைவு செய்த ஓர் அழகியல் காலாவதியாகிவிட்டதை முதலில் ஒப்புக்கொண்டவர்களில் அவரும் ஒருவர் என்பது மறக்கப்படலாகாது. கலையிலும் இலக்கியத்திலும் முன்னோடிகள் பலருக்கு வாய்க்காத துணிவு அது.