பூனைக்குப் புற்றுநோய் என்றால்: ஒரு சிகிச்சை வந்த வழி

வளர்ப்புப் பூனை சில வாரங்களாகச் சரியாக உண்பதில்லை. எடை குறைகிறது. வயிற்றைத் தடவினால் கட்டி போல் ஏதோ தட்டுப்படுகிறது. கால்நடை மருத்துவர் ஊசியால் சிறிது திசுவை எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார். 'லிம்போமா' எனும் நிணநீர்ப் புற்று என்று அறிக்கை வருகிறது. அப்போது வீட்டார் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். முன்பே கண்டுபிடித்திருக்கலாமோ? மருந்து கொடுப்பது அதைக் காப்பதா, வதைப்பதா? எந்தக் கட்டத்தில் நிறுத்துவது?

இம்மூன்று கேள்விகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்துகொள்வதால் நோய் குறையாது. ஆயினும் தேவையற்ற குற்றவுணர்வு குறையக்கூடும். கால்நடை மருத்துவ வரலாற்றைப் பயின்று வரும் முறையில், அதைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன். நீண்ட பதிவு, நண்பர்கள் பொறுத்தருள்க.

முதலில், பூனை என்னும் நோயாளி மருத்துவத்தின் கண்ணில் பட்டதே மிக அண்மையில்தான். இந்தியாவில் நவீனக் கால்நடை மருத்துவக் கல்வி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. லாகூரில் 1882, பம்பாயில் 1886, கல்கத்தாவில் 1893, சென்னையில் 1903 எனக் கல்லூரிகள் எழுந்தன. இவற்றின் கவலை படைக் குதிரைகளும் உழவு மாடுகளும். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயே அன்றைய பேரச்சம். வரியும் வேளாண்மையும் போக்குவரத்தும் எந்த விலங்குகளைச் சார்ந்திருந்தனவோ, அவையே அரசின் பார்வையில் நோயாளிகள்.

பூனைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அது அரசின் கவனத்துக்கு வந்த அரிய தருணம் பிளேக் காலம். 1896இல் பம்பாயில் தொடங்கிய கொள்ளைநோய் நாடெங்கும் பரவியபோது, ஆண்ட்ரூ பியூகானன் என்னும் இந்திய மருத்துவப் பணி அதிகாரி, எலிகளை அடக்க வீடுதோறும் பூனை வளர்க்க வேண்டும் என்று வாதிட்டார். அங்கும் பூனை ஒரு கருவி. பிறர் நோயைத் தடுக்கும் காவலாள். அதற்கே நோய் வந்தால் என்ன செய்வது என்பது அன்று கேள்வியாகவே எழவில்லை.

மேலைநாட்டிலும் நிலைமை பெரிதும் வேறன்று. பூனைப் புற்று அறிவியலின் மையக் கேள்விகளுள் ஒன்றானது 1964இல். கிளாஸ்கோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த வில்லியம் ஜாரெட்டும் அவருடைய சகாக்களும், ஒரே வீட்டில் வாழ்ந்த பூனைகள் பலவற்றுக்கு நிணநீர்ப் புற்று வந்திருந்ததன் காரணத்தைத் தேடினர். நோயுற்ற திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது வைரஸ் துகள்கள் தென்பட்டன. கோழியிலும் எலியிலும் புற்றை உண்டாக்கும் வைரஸ்கள் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தன. மனிதரோடு ஒரே வீட்டில் வாழும் விலங்கிலும் அத்தகைய வைரஸ் உண்டு என்பது பெரும் அதிர்வை ஏற்படுத்தியது. பூனை லுக்கேமியா வைரஸ் என்று அது பெயர் பெற்றது.

அதன் பின் நடந்தது இருமுகம் கொண்ட கதை. 1973இல் வில்லியம் ஹார்டி, மேக்ஸ் எசெக்ஸ் முதலியோர், இவ்வைரஸ் பூனையிலிருந்து பூனைக்குத் தொற்றுகிறது என்பதை நிறுவினர். ஒன்றையொன்று நக்கித் தூய்மை செய்வதாலும் ஒரே தட்டில் உண்பதாலும் எச்சில் வழியே அது பரவுகிறது. இரத்தப் பரிசோதனையும் வந்தது. மனிதருக்கும் தொற்றிவிடுமோ என்ற அச்சமும் உடன் வந்தது. அதனால் பரிசோதனையில் சிக்கிய பூனைகள் பல, நோய் வெளிப்படும் முன்னரே கொல்லப்பட்டன. மனிதருக்குத் தொற்றும் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. எனினும் அந்த ஆராய்ச்சி வீணாகவில்லை. வைரஸ் உள்ள பூனைகளைப் பிரித்து வைக்கும் வழக்கமும், 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தடுப்பூசியும் சேர்ந்து, அந்நாடுகளில் இவ்வகைப் புற்றை வெகுவாகக் குறைத்தன. அங்கே இன்று லிம்போமா வரும் பூனைகளுட் பெரும்பான்மையானவை இவ்வைரஸ் இல்லாதவை, வயது முதிர்ந்தவை, குடலில் நோய் கொண்டவை.

முதற் கேள்விக்கான விடை இங்கே ஓரளவு கிடைக்கிறது. பூனை தனித்து வேட்டையாடும் விலங்கு. தானும் பிற விலங்குகளுக்கு இரையாகக்கூடியது. நலிவை வெளிக்காட்டாமை அதன் இயல்பு. குடற்புற்றோ மெல்ல மெல்ல வளர்வது. அதன் தொடக்க அறிகுறிகளான பசிக்குறைவும் அவ்வப்போதைய வாந்தியும் வேறு பத்து எளிய கோளாறுகளிலும் தோன்றுபவை. பயின்ற மருத்துவர்களே தவறவிடக்கூடிய ஒன்றை வீட்டார் முன்பே கண்டிருக்க வேண்டும் என்று தம்மைத் தாமே தண்டித்துக்கொள்வது நியாயமன்று.

இனி மருந்து. பூனையின் லிம்போமாவுக்குத் தரப்படும் மருந்துகளுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று போர்க்களத்து நஞ்சு. முதல் உலகப்போரின் கடுகு வாயு வெள்ளணுக்களை அழித்ததைக் கண்டு, அதனோடு உறவுடைய நைட்ரஜன் கடுகு என்னும் சேர்மத்தை 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்று நோயாளி ஒருவருக்குச் செலுத்தினர். இன்று பூனைக்குத் தரும் சைக்ளோபாஸ்பமைடும் குளோராம்புசிலும் அந்த மரபில் வந்தவை.

மற்றொரு மூலம் நம் வீட்டு முற்றத்தில் பூப்பது. நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் நாம் வழங்கும் செடி அது, தாயகம் மடகாஸ்கர். ஜமைக்காவில் நீரிழிவுக்கு இதன் இலைக் கஷாயத்தை அருந்துவர் என்பதறிந்து, 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதை ஆராய்ந்தனர். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தில் சென்று வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அதே செடியிலிருந்து வேறோர் ஆய்வகம் கண்ட வின்கிரிஸ்டின், 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குரிய முதன்மை மருந்துகளுள் ஒன்றாயிற்று. சிறிதளவு மருந்துக்கே பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். தமிழகத்தின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் இச்செடி பயிராகி, இலையும் வேரும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது இதன் பொருட்டே.

இவ்விரு மரபுகளும் பிரெட்னிசலோனும் சேர்ந்த கூட்டு மருந்துமுறை, 1980களுக்குள் பூனைகளுக்கும் வந்து சேர்ந்தது. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு முறை தரும் வின்கிரிஸ்டின், ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். நரம்பின் வழியே மட்டும் தர வேண்டியது. வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும். மூலிகைதானே என்று தோட்டத்து நித்தியகல்யாணியைக் கொதிக்க வைத்துப் பூனைக்குப் புகட்டுவது நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும்.

மனித மருத்துவத்திலிருந்து வந்தபோதும், பூனை சிறிய அளவிலான மனிதன் அன்று என்பதை மருத்துவர்கள் கசப்போடு கற்றனர். மனிதருக்கும் நாய்க்கும் பயன்படும் சிஸ்பிளாட்டின், பூனையின் நுரையீரலில் நீர் கோக்கச் செய்து உயிரைப் பறிக்கும். தோல் நோய்க்கு மனிதர் பூசும் 5-புளோரோயூராசில் களிம்பைப் பூனை நக்கினாலே ஆபத்து. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. நோயுற்ற பூனைக்கு வலி தாங்கவில்லையே என்று வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பவர்கள் இதை மறத்தலாகாது.

இதனினும் முக்கியமான வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. குழந்தையின் இரத்தப் புற்றுக்குத் தரும் சிகிச்சை முற்றான குணத்தை நாடுவது. அதற்காகக் கடுந்துன்பத்தையும் ஏற்கச் செய்வது. நாளை கிடைக்கவிருக்கும் நலனுக்காக இன்று துன்புறுகிறோம் என்பதை நோயாளியோ பெற்றோரோ உணர முடியும். பூனைக்கு அந்த நாளை இல்லை. அதற்கு இன்று மட்டுமே உண்டு. ஆகவே கால்நடைப் புற்றுமருத்துவம் மருந்தின் அளவையே தாழ்த்திக்கொண்டது. வாழும் நாள்கள் இயன்றவரை நன்றாக இருக்க வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். பெரும்பாலான பூனைகளுக்கு மனிதர்போல் உடல் மயிர் உதிர்வதில்லை; மீசை மயிர் விழலாம். ஓரிரு நாள் பசி குன்றலாம், வெள்ளணுக்கள் குறையலாம். சிறுசெல் வகைக் குடல் லிம்போமாவில், வீட்டிலேயே தரும் மாத்திரைகளால் ஈராண்டும் அதற்கு மேலும் நலமாக வாழ்ந்த பூனைகள் பல. பெருசெல் வகையில் காலம் பெரும்பாலும் சில மாதங்களே. எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டறிவது அதனால்தான் முதற் கடமை. இரண்டாம் கேள்விக்கு அந்த விடையின்றிப் பதில் சொல்ல இயலாது.

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் இக்கேள்வி புற்று மருந்துகளுக்கு முந்தியது. 1834இல் பம்பாயில் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலானோர் ஏற்படுத்திய பிஞ்சராபோல், முதிர்ந்த, நோயுற்ற விலங்குகளுக்கான புகலிடம். அவற்றை இயற்கை மரணம் வரை காத்தல் அம்மரபின் அறம். வதையிலிருந்து காத்தலும் கொல்லாமையும் அங்கு ஒன்றாகவே கருதப்பட்டன.

அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் தருணம் 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் வந்தது. கன்று ஒன்று மீளாத நிலையில் வலியால் துடித்தது. புரட்டிக் கிடத்தவும் முடியவில்லை. இனிச் செய்ய ஏதுமில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆசிரமத்தாருடன் கலந்தபின், சிலர் மறுத்தபோதும், காந்தி அருகில் நிற்க ஊசியால் அதன் உயிர் முடிக்கப்பட்டது. அதை அவர் மறைக்கவில்லை. தம் இதழ்களில் எழுதினார். நாடெங்குமிருந்து கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. தொடர்ந்த விவாதத்தில் அவர் சில நிபந்தனைகளை முன்வைத்தார்: நோய் தீராததாக இருத்தல், பிழைக்கும் என்ற நம்பிக்கையை அனைவரும் இழந்திருத்தல், எந்தப் பணிவிடையாலும் துயர் தணியாமை, நோயுற்ற உயிர் தன் விருப்பத்தைச் சொல்ல இயலாமை. அவரோடு உடன்படாதவர்கள் இன்றும் உண்டு; பிஞ்சராபோல் அறம் இழிந்ததுமன்று. ஆனால் அந்நிபந்தனைகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. அவற்றுள் எதுவும் பார்ப்பவரின் துயரத்தையோ களைப்பையோ செலவையோ அளவாகக் கொள்ளவில்லை. அளவுகோல் நோயுற்ற உயிரின் நிலை மட்டுமே.

இன்றைய மருத்துவம் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்திருக்கிறது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்கக் கால்நடைப் புற்றுமருத்துவர் 2004இல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, உணவு, நீர், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாள்கள் தீய நாள்களை மிஞ்சுகின்றனவா என்னும் ஏழுக்கும் தலைக்குப் பத்து மதிப்பெண். மொத்தம் 70, கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். 2019இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார், பூனையின் முகத்தைக் கொண்டே வலியைக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். காதுகளின் நிலை, கண் இடுக்கம், மூக்குவாய்ப் பகுதியின் இறுக்கம், மீசையின் போக்கு, தலை தாழ்ந்திருத்தல் ஆகிய ஐந்தும் அதன் குறிகள். வலியை மறைக்கும் விலங்கிடமிருந்தே அதன் நிலையை அறிய மனிதர் கண்ட வழி இது.

நடைமுறையில் இதன் பொருள் எளியது. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே ஒரு நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் நல்லது, தீயது என்று குறித்து வருக. தானாக உண்டதா, தன்னைத் தானே நக்கித் தூய்மை செய்துகொண்டதா, வழக்கமான சன்னலுக்கு ஏறியதா என்பன போதுமான சான்றுகள். இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து தனியொரு ஆபத்து நேரும்; ஆகவே பசியின்மையைப் பொறுத்திருந்து பார்க்க வேண்டாம். கீமோதெரபி பெறும் பூனையின் கழிவைக் கையுறை இன்றித் தொட வேண்டாம். கருவுற்ற பெண்கள் அப்பணியைத் தவிர்க்க. வீட்டில் வேறு பூனைகள் இருப்பின் லுக்கேமியா வைரஸ் பரிசோதனை செய்துகொள்க. ஆறு மாத வயதுக்குள் கருத்தடை அறுவை செய்த பெண்பூனைகளுக்கு மார்புப் புற்று அபாயம் ஏறத்தாழ 91 விழுக்காடு குறைவு என்று 2005இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இளம் பூனை வளர்ப்போருக்கு இதைச் சொல்லுங்கள். வெள்ளைக் காது உள்ள பூனைகளை நண்பகல் வெயிலிலிருந்து காப்பதும் தோற்புற்றைத் தடுக்கும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடர் சிகிச்சை எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டுவதன்று. பெருநகரங்களுக்கு வெளியே அதற்கான வசதியும் அரிது. பிரெட்னிசலோனும் வலிநீக்கமும் உணவுப் பராமரிப்பும் மட்டுமே கொண்டு இறுதிவரை பார்த்துக்கொள்வதும் மருத்துவம் ஏற்ற வழியே. அதைத் தேர்ந்தவர்கள் தம் பூனையைக் கைவிட்டவர்கள் அல்லர். முழுச் சிகிச்சையை நாடியவர்கள் மிகையாய் நடந்தவர்களும் அல்லர். நூறாண்டுக்கு முன் எலி பிடிக்கும் கருவியாக மட்டுமே எண்ணப்பட்ட விலங்குக்கு, அதன் நாள்கள் எப்படிக் கழிகின்றன என்று குறித்துப் பார்க்க ஒரு வீடு இருக்கிறதே, இரு வழிக்கும் அதுவே அடிப்படை.